குடியாத்தத்திலிருந்து ஒரு சின்னத் தீவுக்கு: பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்க முடியுமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவர் நர்ஸ். மாலத்தீவில் ஒரு சின்னத் தீவின் சுகாதார நிலையத்தில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் வேலை வந்திருக்கிறது. கணவர் தறித் தொழிலை அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டுக் கூடவே வரத் தயார். மகன் வரும் ஜூனில் ஏழாம் வகுப்பு, மகள் நான்காம் வகுப்பு. "பசங்களை இங்கயே விட்டுட்டுப் போங்க, நாங்க பாத்துக்கறோம்" என்கிறார் மாமியார். கூட்டிக்கொண்டு போனால் அங்கே வீட்டிலேயே படிக்க வைக்க முடியுமா, அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும், திரும்பி வந்தால் இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்வார்களா என்பது அவருடைய கேள்வி.

கூட்டிக்கொண்டு போங்கள். என் பதில் அதுதான். நான் காட்பாடிக்காரன். என் மனைவியும் நர்ஸ்தான். அவள் வேலைக்காக மகள், மகனோடு நாங்கள் அப்படி ஒரு தீவில் குடியிருந்தோம். அதற்கு முன் நான் இங்கே கணக்கு ட்யூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே போனதும் பிள்ளைகளுக்கு வாத்தியார் வேலையும் வீட்டில் சமையல் வேலையும் எனக்கு வந்தது. அதனால் உங்கள் கணவர் என்னென்ன கேட்பார் என்று ஓரளவு தெரியும். உங்கள் மகள் விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம். மகன் விஷயத்தில் மட்டும், அவன் எப்போது ஊர் திரும்ப வேண்டும் என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மாமியார் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. வேலூர் பக்கம் நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போன எத்தனையோ குடும்பங்களில் பிள்ளைகளை ஆயா தாத்தாதான் வளர்த்திருக்கிறார்கள், நன்றாகவே வளர்த்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் குடும்பங்களில் பலருக்கு வேறு வழி இருக்கவில்லை. உங்களுக்கு இருக்கிறது. வேலை ஒருவருக்கு, வீட்டில் முழு நேரமும் இன்னொருவர் என்ற ஏற்பாடு அமைவதே அபூர்வம். அது அமைந்திருக்கும்போது எட்டு ஒன்பது வயதுப் பெண் குழந்தையை இரண்டு வருடம் அம்மா அப்பா இருவரையும் விட்டுப் பிரித்து வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆயாவுக்கு அங்கிருந்தபடியே செய்யப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

முதலில் படிப்பு. இதில்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், உண்மையில் இதுதான் சுலபமான பகுதி. நாற்பது பிள்ளைகள் உட்காரும் வகுப்பில் ஒரு நாள் முழுக்க நடக்கும் பாடம், இரண்டு பிள்ளைகளுக்கு வீட்டில் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வருகைப் பதிவு, வரிசை, மற்றவர்கள் எழுதி முடிக்கும்வரை காத்திருப்பது எதுவும் இங்கே இல்லை. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் எல்லா வகுப்புக்கும் இலவசமாகப் பதிவிறக்கக் கிடைக்கின்றன. கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபில் இருக்கின்றன. மாலத்தீவில் மக்கள் வசிக்கும் தீவுகளில் மொபைல் இணைப்பு நன்றாகவே கிடைக்கும். டேட்டாதான் நம் ஊர் விலைக்குக் கிடைக்காது. அதனால் வீடியோக்களை இங்கேயே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இறக்கிக்கொண்டு போங்கள். புத்தகங்களில் தமிழையும் கணக்கையும் அச்சாகவே எடுத்துப் போங்கள், மற்றவை டேப்லெட்டில் போதும்.

தொலைவான தீவில் வீட்டிலிருந்தே படிப்பது புதிய சோதனை முயற்சி என்று நினைத்துவிட வேண்டாம். நியூசிலாந்தில் 1922-லேயே அரசு அஞ்சல் வழிப் பள்ளி தொடங்கிவிட்டது. கலங்கரை விளக்கக் காவலர்களின் பிள்ளைகள், குட்டித் தீவுகளில் இருந்த குடும்பங்கள், பள்ளிக்கூடம் எட்டாத பண்ணைகளில் இருந்தவர்கள், இவர்களுக்காகவே அது. ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரிலிருந்து 1951-ல் ரேடியோ வழியாக வகுப்பு நடத்த ஆரம்பித்தார்கள். பறக்கும் மருத்துவர் சேவையின் ரேடியோவையே அதற்கும் பயன்படுத்தினார்கள். பாடம் தபாலில் வந்தாலும் ரேடியோவில் வந்தாலும், பிள்ளை பக்கத்தில் ஒரு பெரியவர் தினமும் அதே நேரத்துக்கு உட்கார வேண்டியிருந்தது. இன்றைக்கு இணையம் வந்த பிறகும் அது மாறவில்லை. உங்கள் கணவர் ஆங்கிலத்தில் வல்லவராக இருக்க வேண்டியதில்லை. காலையில் அந்த நேரத்துக்குப் பாயை விரித்து உட்கார்ந்துவிடுபவராக இருந்தால் போதும்.

கஷ்டம் மீதி நேரத்தில் இருக்கிறது. பாடம் ஒன்பது மணிக்கு முடிந்துவிட்டது. இருட்டுகிறவரை என்ன செய்வது? தீவைச் சுற்றி ஒரு நடை நடந்தால் அரை மணி நேரம் ஆகாது. கடை இரண்டோ மூன்றோ இருக்கும், தொழுகை நேரத்தில் அதையும் அடைத்துவிடுவார்கள். வேலூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை தெரியும்; அங்கே இயற்கையான தரையின் மிக உயர்ந்த இடமே கடல் மட்டத்திலிருந்து இரண்டரை மீட்டரைத் தொடாது. முதல் மாதம் பிள்ளைகளுக்கு எல்லாமே வேடிக்கை. பிறகு "அப்பா, போர் அடிக்குது" வரும். வீட்டுக் கல்வி நிலைப்பதும் நின்றுபோவதும் அந்த நேரத்தை நீங்கள் எப்படி நிரப்புகிறீர்கள் என்பதில் இருக்கிறது. பாடத்திட்டத்துக்குச் செலவிடும் கவலையில் பாதியை இதற்குக் கொடுங்கள்.

உங்கள் டியூட்டியைச் சுற்றித்தான் வீட்டின் கடிகாரம் ஓடும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் வருடம் முழுக்கச் சூரியன் ஏறக்குறைய ஆறு மணிக்கு உதித்து ஆறு மணிக்கு மறையும். எங்கள் வீட்டில் ஆறரைக்கே பாடம் ஆரம்பம், வெயில் ஏறுவதற்குள் கணக்கு முடிந்துவிடும். அம்மாவுக்கு மாலை ஷிப்ட் என்றால் முற்பகல் முழுக்கக் குடும்பமாக இருக்கலாம். சிக்கல் நைட் டியூட்டி வாரத்தில். ஊழியர் குவார்ட்டர்ஸ் பெரும்பாலும் ஒரு அறை, ஒரு சமையலறை, ஒரு திண்ணை அளவுதான் இருக்கும். இரவெல்லாம் விழித்துவிட்டு வந்து அம்மா படுத்திருக்கும்போது வாய்ப்பாடு ஒப்பிக்க முடியாது, குக்கர் விசில் கூட விடக் கூடாது. அந்த வாரங்களில் காலைப் பாடத்தை வெளியே எடுத்துப் போய்விடுவேன். ஒரு பாய், ஒரு தண்ணீர் பாட்டில், இரண்டு பைகள். பின்னால் ஈரப்பலா மரத்தடியில் உட்காருவோம். காற்றில் தாள் பறக்காமல் இருக்க மகள் பவளக் கற்களைப் பொறுக்கி வைத்திருப்பாள். பதினோரு மணிக்குச் சத்தமில்லாமல் உள்ளே போய் உலையை வைப்பேன். முந்தின இரவே காய் நறுக்கி வைத்துவிட்டால் இந்த வாரம் ஓடிவிடும்.

இரண்டு வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைப்பதில் ஒரு சின்ன யோசனை. தமிழும் வாசிப்பும் சேர்ந்தே நடக்கட்டும். கணக்கை மட்டும் பிரித்துவிடுங்கள்: ஒருவர் போட்டுக்கொண்டிருக்கும்போது இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுப்பது. அப்புறம், அண்ணனைத் தங்கைக்குப் பின்னக் கணக்கு சொல்லித்தரச் சொல்லுங்கள். ஏழாம் வகுப்புப் பையனுக்குத் தன் அடிப்படை எங்கே ஆட்டம் காண்கிறது என்று அப்போதுதான் தெரியும். அதை நீங்கள் சொன்னால் கோபித்துக்கொள்வான்.

தமிழை ஒரு நாளும் விட வேண்டாம். சுற்றிலும் திவேஹி பேசுவார்கள், சுகாதார நிலையத்தில் ஆங்கிலம், தமிழ் உங்கள் நால்வருக்குள் மட்டும். தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். திரும்பி வரும்போது கணக்கில் பின்தங்கியிருந்தால் இரண்டு மாதத்தில் பிடித்துவிடலாம். எழுதுகிற தமிழ் கைவிட்டுப் போயிருந்தால் மீட்பது கடினம், அதிலும் பையன்களுக்கு. இங்கேதான் ஆயா வருகிறார். எங்கள் பிள்ளைகள் வாரம் ஒரு கடிதம் ஆயாவுக்கு எழுத வேண்டும் என்று வைத்திருந்தோம். முழுப் பக்கம், பேனாவில். அதை வாட்ஸாப்பில் படம் எடுத்து அனுப்புவோம். ஆயா அதைப் படித்துவிட்டு குரல் செய்தியில் பதில் சொல்வார்: எந்த இடத்தில் ர போட வேண்டிய இடத்தில் ற போட்டிருக்கிறாய், எந்த விஷயத்தைப் பாதியில் விட்டுவிட்டாய், அந்த மீன்காரர் அப்புறம் என்ன சொன்னார். கேள்வி கேட்பதுதான் முக்கியம். அடுத்த வாரக் கடிதம் அந்தக் கேள்விக்குப் பதிலாகவே ஆரம்பிக்கும். மாமியாரிடம் இதைக் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். பிள்ளைகளை வளர்ப்பதில் அவர் கேட்கும் பங்கு உண்மையாகவே கிடைக்கும். மாலத்தீவு நேரம் நமக்கு அரை மணி பின்னால், அதனால் பேசுவதற்கு நேரக் குழப்பமும் இல்லை.

இப்போது அந்த மீதிப் பகலுக்கு வருகிறேன். பாலாற்றங்கரையில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்பது 2021 நவம்பரில் வந்ததுபோல எப்போதாவது வருவது. மற்ற நாள் மணல். அங்கே போனால் கடல் தினமும் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். படகு கட்டும் ஜெட்டியின் ஒரு தூணில், தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று பார்த்து அந்த இடத்தில் கலர் நூல் கட்டினோம். சாக்பீஸ் நிற்காது, பெயின்ட் அடிக்க யாரும் விட மாட்டார்கள், நூல்தான் சரி. (உங்கள் வீட்டில் தறி நூலுக்குப் பஞ்சம் இருக்காது, நாலு நிறத்தில் கொஞ்சம் எடுத்துப் போங்கள்.) பக்கத்தில் நோட்டில் தேதியும் மணியும். ஒரு வாரம் போனதும் மகளே கண்டுபிடித்தாள்: இன்று ஏறிய நேரத்தில் நாளை ஏறுவதில்லை, சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகிறது. அடுத்த விஷயம் மகன் பார்த்தது: ஒரே நாளின் இரண்டு ஏற்றங்களும் ஒரே உயரம் இல்லை. மூன்றாவது விஷயத்துக்கு, ஊரிலிருந்து கொண்டுபோன தினசரி காலண்டர் உதவியது. நூல்கள் மிக உயரத்தில் இருந்த நாட்களைக் காலண்டரில் தேடினால் எல்லாம் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி வந்தன. சந்திரனும் சூரியனும் ஒரே கோட்டில் இழுக்கும் நாட்கள் அவை. அஷ்டமியை ஒட்டி ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் குறைந்துவிடும். புத்தகத்தில் நாலு வரியில் இருப்பதை அவர்கள் தாங்களே கட்டிய நூலில் பார்த்தார்கள். அடுத்த அமாவாசைக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் எந்த நூலைத் தொடும் என்று மகள் முன்கூட்டியே எழுதிவைத்தாள், ஏறக்குறைய சரியாக இருந்தது. ஜெட்டியில் உட்கார்ந்திருந்த வயதான மீனவர் ஒருவர் நூல்களைப் பார்த்துவிட்டு, காற்று எந்தப் பக்கம் அடித்தால் கணக்கு எவ்வளவு மாறும் என்று கையைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். அவருக்கும் பிள்ளைகளுக்கும் பொதுவான மொழி அரைகுறை ஆங்கிலம்தான். அது போதுமானதாக இருந்தது.

மழை இன்னொரு பாடம். அங்கே குடிக்கும் தண்ணீர் கூரையிலிருந்து தொட்டியில் பிடித்த மழைநீர், அல்லது கடல்நீரைச் சுத்திகரித்தது. கிணற்றுத் தண்ணீர் குளிக்கத்தான் ஆகும், லேசாக உப்புக் கரிக்கும். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஐம்பது சதுர மீட்டர் கூரையில் இருபது மில்லிமீட்டர் என்றால் ஆயிரம் லிட்டர். வீட்டில் நாலு பேர் நாளொன்றுக்குச் சமைக்கவும் குடிக்கவும் எவ்வளவு எடுக்கிறோம், அடுத்த மழை வராவிட்டால் எத்தனை நாள் தாங்கும்? ஏழாம் வகுப்புக் கணக்குக்கு இதைவிட நல்ல கேள்வி நான் எழுதியதில்லை. தொட்டியில் நிஜமாகவே தண்ணீர் குறைவதால் பையன் கவனமாகப் போடுவான்.

இரவில் வானத்தைப் பாருங்கள். வேலூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே கிட்டத்தட்ட 13 டிகிரி, மாலத்தீவின் தலைநகர் மாலே சுமார் 4 டிகிரி. ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரத்தில்தான் அங்கே துருவ நட்சத்திரம் நிற்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. போவதற்கு முன் ஒருநாள் ராத்திரி மொட்டை மாடியில் வடக்கே பார்த்து, தொடுவானிலிருந்து ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே அதைக் காட்டிவிடுங்கள். தீவில் போய் அதே வடக்கில் தேடச் சொல்லுங்கள். அடிவானப் புகைமூட்டத்திலேயே அது மறைந்திருக்கும். உங்கள் தீவு நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்தால் கண்ணிலேயே படாது. பூமி உருண்டை என்பதற்குப் பிள்ளைகளுக்கு வேறு சாட்சி தேவைப்படாது. அங்கே ஆர்வம் பிடித்துவிட்டால் திரும்பி வந்ததும் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்துக்குக் கூட்டிப் போங்கள். வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் தாங்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-லிருந்து அங்கே இருக்கிறது. நம் பழைய வட ஆர்க்காட்டு எல்லைக்குள் இப்படி ஒன்று இருப்பது பல பிள்ளைகளுக்குத் தெரியாமலே போகிறது என்பதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரிசி, மாவு, சர்க்கரை தட்டுப்பாடு இல்லை. சூரை மீன் தாராளமாக, அன்றன்றைக்குப் பிடித்ததே கிடைக்கும். வலை போடாமல் தூண்டில் கழியால் ஒவ்வொன்றாக இழுத்துப் பிடிக்கிறார்கள், அதை ஒருநாள் பிள்ளைகளைப் பார்க்க வையுங்கள். முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி, பூசணி, தேங்காய் தீவிலேயே உண்டு. வெங்காயம், தக்காளி, உருளை மாலேயிலிருந்து சரக்குத் தோணியில் வரும். கடல் கொந்தளித்தால் தோணி தள்ளிப்போகும், விலையும் ஏறும். உளுந்து, புளி, மிளகாய்த்தூள் இங்கிருந்து கொண்டு போங்கள். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு ஏங்குவீர்கள், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. சரக்குத் தோணி வரும் நாளில் மகளிடம் நோட்டைக் கொடுத்து விலையெல்லாம் எழுதச் சொல்லுங்கள். அந்த ஊர்ப் பணமான ரூஃபியாவை ரூபாயாக மாற்றிக் குடியாத்தம் மார்க்கெட் விலையோடு ஒப்பிட்டு ஆயாவுக்கு எழுதினால் அந்த வாரக் கடிதம் முடிந்தது.

ஊர் வழக்கங்களைக் கிளம்பும் முன்பே பிள்ளைகளிடம் பேசிவிடுங்கள். மாலத்தீவு முழுக்க முஸ்லிம் நாடு. வேறு மதங்களின் பொது வழிபாடு அங்கே கிடையாது; வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுவர சுங்கத்தில் தடை. வீட்டில் சாமி அலமாரி வைத்திருக்கும் குடும்பமாக இருந்தால் அதை மாமியார் பொறுப்பில் விட்டுவிடுங்கள். மது, பன்றி இறைச்சி கூடாது. உடை அடக்கமாக இருக்க வேண்டும், கடலில் குளிக்கும்போதும் அப்படியே. வார விடுமுறை வெள்ளியும் சனியும், பள்ளி ஞாயிறு முதல் வியாழன் வரை. உங்கள் வீட்டுப் பாடத்துக்கும் வெள்ளிக்கிழமையையே விடுமுறையாக்குங்கள், அப்போதுதான் தெருப் பிள்ளைகள் விளையாடும்போது உங்கள் பிள்ளைகளும் வெளியே இருப்பார்கள். ரமலானில் பகலில் பொது இடத்தில் சாப்பிடக் கூடாது. பேரணாம்பட்டு, ஆம்பூர், மேல்விஷாரம் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் அந்நியமாக இருக்காது. நோன்புக் கஞ்சி குடித்து வளர்ந்த பிள்ளைகள்தானே. அக்கம்பக்கத்தில் மாலையானதும் தட்டில் ஏதாவது மூடிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். தட்டைக் காலியாகத் திருப்பாத நம் வழக்கத்தை அங்கும் விடாதீர்கள். நாங்கள் கேழ்வரகு அடை செய்து அனுப்புவோம், அதற்கென்றே இரண்டு வீடுகள் காத்திருக்கும்.

நீச்சல் தெரியாமல் போகாதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. நம் ஊரில் முன்பெல்லாம் கழனிக் கிணற்றில் முதுகில் சுரைக்குடுவை கட்டி இறக்கிவிடுவார்கள். இப்போதும் குடியாத்தம் சுற்றுப்பட்டில் தண்ணீர் உள்ள கிணறுகள் இருக்கின்றன. மாமாவோ சித்தப்பாவோ கூட நின்று கற்றுக்கொடுக்கட்டும், கிளம்ப நாள் இருக்கும்போதே. கிணற்றில் நீந்தத் தெரிந்துவிட்டால் கடலும் தெரியும் என்று விட்டுவிடாதீர்கள். பவளப்பாறைக்கு உள்ளே தண்ணீர் அமைதியாக இருக்கும். பாறை விளிம்பில் ஆழம் சட்டென்று இறங்கும், கால்வாய் போன்ற இடைவெளிகளில் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும். எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்பதைத் தீவுக்காரரிடம் கேட்டு எல்லை வகுத்துவிடுங்கள். பெரியவர் இல்லாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதில் விட்டுக்கொடுப்பே வேண்டாம். கரையில் நடக்கும்போதும் காலில் செருப்பு வேண்டும்.

அப்புறம் சிநேகிதம். வீட்டுக் கல்வியில் என்னைக் கவலைப்பட வைத்த ஒரே விஷயம் இதுதான். நான்காம் வகுப்புப் பெண்ணுக்கு ஒரு வாரத்தில் தோழிகள் கிடைத்துவிடுவார்கள், மொழி ஒரு தடையே இல்லை. சாயங்காலம் பெண்களும் சிறுமிகளும் பாஷி என்று ஒரு ஆட்டம் ஆடுவார்கள்; டென்னிஸ் மட்டையால் வலைக்கு முதுகைக் காட்டி நின்று பந்தைப் பின்பக்கமாக அடிக்க, எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் பிடிக்க வேண்டும். உங்கள் மகளை அங்கே கொண்டுபோய் நிறுத்துங்கள், போதும். பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பையன் அப்படி இல்லை. கூச்சப்படுவான், அறைக்குள் போனைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். கால்பந்து, வாலிபால், கேரம் மூன்றில் ஒன்றாவது அவனுக்குத் தெரிந்திருந்தால் வாசல் திறந்துவிடும். தீவுப் பள்ளியின் தலைமையாசிரியரைப் போன முதல் வாரத்திலேயே பாருங்கள். பாடங்கள் ஆங்கிலத்தில்தான் நடக்கும், ஆசிரியர்களில் இந்தியர்களும் இருப்பார்கள். இடம் இருந்து சேர்த்துக்கொண்டால் அதுவும் நல்லதுதான், வீட்டில் தமிழ் மட்டும் பார்த்தால் போதும். இல்லையென்றாலும் விளையாட்டு நேரத்துக்கும் நூலகத்துக்கும் அனுமதி கேளுங்கள். சுகாதார நிலைய நர்ஸின் பிள்ளை என்றால் ஊரே அறியும், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

இனி திரும்பி வருவது. கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. ஆறு வயது முதல் பதினான்கு வரை உள்ள பிள்ளை எங்கே படித்தது, படித்ததா இல்லையா என்பதைப் பொருட்படுத்தாமல் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பது அதன் 4-ஆம் பிரிவு. மாற்றுச் சான்றிதழ் தாமதம் என்றோ, வருடத்தின் நடுவில் வந்தீர்கள் என்றோ திருப்பி அனுப்பக் கூடாது. வீட்டில் படிக்க வைத்ததற்காகப் பெற்றோருக்குத் தண்டனை எதுவும் அந்தச் சட்டத்தில் கிடையாது. விரும்பி வீட்டுக் கல்வியைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதைத் தொடரலாம் என்று மத்திய அரசே 2012-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது. ஆகவே உங்கள் மகள் நான்காவதையும் ஐந்தாவதையும் தீவில் படித்துவிட்டு வந்து ஆறாம் வகுப்பில் நேராகச் சேரலாம். அரசுப் பள்ளியில் சேர்த்தால் உயர்கல்வியில் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் அவள் தகுதி குறையாது. இரண்டும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததைத்தான் பார்க்கின்றன. தனியார் பள்ளி என்றால் நுழைவுத் தேர்வு வைக்கக் கூடாது என்று சட்டம் சொன்னாலும், பிள்ளையிடம் நாலு கேள்வி கேட்டுப் பார்ப்பது நடைமுறையில் உண்டு. கையெழுத்து நோட்டுகளைத் தேதி போட்டுப் பத்திரமாக வைத்திருங்கள்.

மகன் விஷயம் வேறு. அவன் இப்போது அரசுப் பள்ளியில் படிப்பவனாக இருந்தால், ஏழையும் எட்டையும் வெளியே படிப்பதால் அந்த 7.5 சதவீதமும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் உதவியும் கைவிட்டுப் போகும். டாக்டர் ஆக வேண்டும் என்று அவனுக்கு இப்போதே ஆசை இருந்தால் இது சின்ன இழப்பு இல்லை. அவனையும் உட்கார வைத்துப் பேசுங்கள், அவனுக்குப் புரியும் வயதுதான். அந்த ஒரு காரணத்துக்காக அவன் மட்டும் ஆயா வீட்டில் தங்கிப் படிப்பது என்று முடிவெடுத்தால் அதில் தவறு சொல்ல மாட்டேன்.

தனியார் பள்ளிப் பிள்ளை என்றால் இந்தக் கணக்கு இல்லை, ஆனால் இன்னொன்று இருக்கிறது. சட்டத்தின் பிடி எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதில் சேர எட்டு முடித்ததற்குத் தாள் கேட்பார்கள். இதற்கு இரண்டு வழி. ஒன்று, ஒப்பந்தம் முடியும்வரை காத்திருக்காமல், எட்டாம் வகுப்பு ஆண்டின் நடுவிலேயே அவனை ஊருக்கு அனுப்பி எட்டில் சேர்த்துவிடுவது. உங்கள் விடுமுறையை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். சில மாதம் ஆயா தாத்தாவோடு இருப்பான், பத்தாம் வகுப்புக்கு முன் இங்கத்திய பள்ளிக்கும் பழகிவிடுவான். என் விருப்பம் இதுதான். இன்னொன்று, அரசுத் தேர்வுகள் இயக்ககம் தனித்தேர்வர்களுக்கு நடத்தும் எட்டாம் வகுப்புத் தேர்வு. பன்னிரண்டரை வயது நிறைந்திருந்தால் எழுதலாம்.

ஒப்பந்தத்தை நீட்டித்து மேலும் தங்கும்படி ஆனால் தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 1989-லிருந்து நடக்கும் மத்திய அரசு அமைப்பு. பதினான்கு வயது நிறைந்தவர்கள் அங்கே பத்தாம் வகுப்புக்கு நேரடியாகப் பதிவு செய்யலாம். ஐந்து பாடங்கள் போதும், தமிழை ஒரு மொழியாக எடுக்கலாம். வருடத்தில் இரண்டு பருவம் தேர்வு. ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு என்பதால் பாடங்களைப் பிரித்துப் பிரித்தும் எழுதலாம். மாநிலப் பாடத்திட்டத்திலேயே தனித்தேர்வராகப் பத்தாவது எழுத நினைத்தால் அறிவியல் செய்முறையை நினைவில் வையுங்கள். அதற்கு 25 மதிப்பெண். முன்கூட்டியே பெயர் பதிந்து, ஒதுக்கிய பள்ளிக்கு வந்து செய்முறைப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். தீவில் இருந்துகொண்டு அது நடக்காது. பத்தாம் வகுப்புக்கு முன் ஊரில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குப் பெரிய காரணமே இந்தச் செய்முறைதான்.

கிளம்பும் முன் பள்ளியில் மாற்றுச் சான்றிதழை முறையாக வாங்கிவிடுங்கள், வராமல் நின்றுபோன பிள்ளை என்று பெயர் அடிபடக் கூடாது. பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை எல்லாவற்றின் நகலையும் மாமியார் வீட்டிலும் ஒரு கோப்பில் வையுங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: குடும்பத்துக்கு விசா ஏற்பாடு செய்வார்களா, வீடு குடும்பத்துக்கா அல்லது மற்ற நர்ஸ்களோடு பங்கா, வருட விடுமுறைப் பயணச் செலவு உங்களுக்கு மட்டுமா, நால்வருக்குமா. வாய்வார்த்தையாக "பாத்துக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் ஏற்க வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். வீடு பங்கு என்று வந்தால் மட்டும், வேறு தீவு கேட்டுப் பாருங்கள் அல்லது முதலில் நீங்கள் தனியாகப் போய் ஒரு வாடகை வீடு பார்த்த பிறகு இவர்களை வரச் சொல்லுங்கள். எந்தத் தீவு என்று தெரிந்ததும் எழுதுங்கள். மாலேயிலிருந்து அங்கே போக என்ன படகு, கடல் எந்த மாதத்தில் அமைதியாக இருக்கும் என்று பார்த்து, பிள்ளைகளோடு பயணம் வைக்க ஏற்ற மாதத்தைச் சொல்கிறேன்.